கடைசிப் பக்கம் முதலிலேயே தெரிந்த புத்தகம்: மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ மாணவியருக்கு,

வணக்கம். நான் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறவள். கேட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது, திரும்பி வந்ததை அடுக்குவது, அட்டை பிய்ந்தால் பசை தடவி ஒட்டுவது, இதுதான் என் வேலை. அறிவுரை சொல்வது அதில் வராது. அதற்கு உங்களைச் சுற்றி ஆள் பஞ்சமும் இல்லை.

கொஞ்ச நாள் முன்பு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நானாக எடுத்துக் கொடுத்த புத்தகத்தை இரண்டே நாளில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அடையாளத்துக்கு அவள் செருகியிருந்த ரிப்பன் துண்டு இருபதாம் பக்கத்தைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. "இவரு செத்துடுவாருன்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சுபோச்சே மிஸ். அப்புறம் எதுக்குப் படிக்கணும்?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "சரி, வச்சுட்டுப் போ" என்று சொல்லிவிட்டேன். அவள் போன பிறகு நாள் முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்த மடல் அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில்தான். உங்கள் எல்லோருக்கும் பொருந்தும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

புத்தகத்தின் பெயர் 'வென் ப்ரெத் பிகம்ஸ் ஏர்'. தமிழில் 'மூச்சு காற்றாகும்போது' என்று சொல்லிக்கொள்ளலாம். எழுதியவர் பால் கலாநிதி, மூளை அறுவை சிகிச்சை மருத்துவர். பெற்றோர் இந்தியாவிலிருந்து அமெரிக்கா போனவர்கள். முழுப்பெயர் பால் சுதிர் அருள் கலாநிதி. ஈழத்தில் முனைவர் பட்டம் வாங்கியவரைத்தான் கலாநிதி என்பார்கள். இவரிடம் அந்தப் பட்டம் மட்டும் இல்லை, மற்றவை ஏராளம். 2015 மார்ச் 9 அன்று, 37 வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். புத்தகம் 2016 ஜனவரியில் வந்தது. அச்சில் அவர் பார்க்கவில்லை.

ஆக, அந்த மாணவி சொன்னது சரிதான். முடிவு அட்டையிலேயே தெரிந்துவிடுகிறது. முதல் காட்சியே அதுதான்: கணினித் திரையில் ஒரு சி.டி. ஸ்கேன். நுரையீரல் முழுக்கக் கட்டிகள், முதுகெலும்பு உருக்குலைந்திருக்கிறது, கல்லீரலிலும் பரவியாகிவிட்டது. இப்படிப்பட்ட படங்களை அந்த மருத்துவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். இந்தப் படம் அவருடையது, அவ்வளவுதான் வித்தியாசம். 2013 மே மாதம், அவருக்கு 36 வயது. ஏழு வருடப் பயிற்சியில் கடைசி வருடத்தின் வாசலில் நிற்கிறார். இத்தனை நாள் தள்ளிப்போட்ட வாழ்க்கை இனிமேல்தான் தொடங்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த நேரம்.

அந்த மாணவி இந்த இடத்தில்தான் மூடியிருக்க வேண்டும். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான், அதற்கடுத்த அத்தியாயத்தின் முதல் வரிவரைக்குமாவது வாருங்கள். தான் ஒருநாளும் டாக்டர் ஆகமாட்டேன் என்று உறுதியாகத் தெரியும் என்றுதான் அவர் தன் கதையைத் தொடங்குகிறார்.

உங்களில் பாதிப் பேரை "டாக்டருக்குப் படி" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மீதிப் பாதிப் பேர் "எனக்கு அது வராது" என்று முடிவு கட்டியிருப்பீர்கள். இரண்டு பக்கத்துக்கும் இந்த மனிதரின் பள்ளிக்காலத்தில் விஷயம் இருக்கிறது. அவருடைய அப்பா இதய மருத்துவர். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்பி, ஆறிப்போன சாப்பாட்டைச் சுடவைத்துச் சாப்பிடுகிற அப்பா. மருத்துவம் என்றால் அப்பா வீட்டில் இல்லாமல் போவது என்றுதான் பையனுக்குப் புரிந்திருக்கிறது. இந்த விலை கொடுத்து அந்தத் தொழில் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டான். அவனுக்குப் பிடித்தது இலக்கியம். எழுத்தாளன் ஆகலாம் என்று நினைத்தான்.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அவனுக்குப் பத்து வயதாகும்போது குடும்பம் அரிசோனா பாலைவனத்தில் உள்ள கிங்மன் என்ற சின்ன ஊருக்குக் குடிபெயர்ந்தது. படிப்பில் நாட்டிலேயே கடைசியில் இருக்கிற மாவட்டம் அது என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்னதாக எழுதுகிறார். அம்மாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கல்லூரிக்குப் போகிறவர்கள் படித்திருக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதிலிருந்த புத்தகங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். பத்து வயதுப் பையன் கையில் ஜார்ஜ் ஆர்வெல்! தேர்வு எழுத நூறு மைலுக்கு மேல் காரோட்டி லாஸ் வேகாஸுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பள்ளி நிர்வாகக் குழுவில் தானே சேர்ந்து, உயர்நிலைப் பாடங்களைக் கொண்டுவரச் சொல்லிப் போராடியிருக்கிறார். ஒரு பையனின் கதை என்று நாம் படிக்கிற பக்கங்களில் பாதி அந்த அம்மாவின் கதை. நூலகத்தில் வேலை பார்ப்பதால் எனக்கு அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

கல்லூரிக்குப் போவதற்கு முந்தைய கோடை விடுமுறையில் ஒரு தோழி அவனிடம் நாவல் ஒன்றைக் கொடுக்கிறாள். பெரிய இலக்கியம் ஒன்றும் இல்லை, பொழுதுபோக்குக்குப் படிக்கிற ரகம். மனம் என்பது மூளை செய்கிற வேலைதான் என்று அதில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. பையன் அப்படியே நின்றுவிட்டான். இவ்வளவு நாள் தான் காதலித்த கவிதை, சொல், அர்த்தம் எல்லாவற்றுக்கும் கீழே மூளை என்று ஒரு சதைப்பிண்டம் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பது அன்றுதான் உறைக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் சேர்வதற்குப் பதிவு செய்யும்போது இலக்கியப் பாடங்களோடு உயிரியலையும் நரம்பறிவியலையும் சேர்த்துக்கொள்கிறான்.

நான் இந்தப் புத்தகத்தை உங்கள் கையில் கொடுக்க நினைப்பதே இந்த இடத்துக்காகத்தான். எந்தப் பிரிவு எடுப்பது, எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்-ஆஃப் என்றுதான் உங்களைச் சுற்றிப் பேச்சு. பிரிவை எடுத்துவிட்டு, அதற்குள் போய் நமக்குப் பிடித்தது எதுவாவது இருக்கிறதா என்று தேடுகிறோம். இவர் செய்தது தலைகீழ். முதலில் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்: மனித வாழ்க்கைக்கு அர்த்தம் எங்கிருந்து வருகிறது, சாவு எதிரில் வந்து நிற்கும்போதும் அது மிஞ்சுமா? அந்தக் கேள்வி எந்த வகுப்பறைக்குள் போனதோ, பின்னாலேயே இவரும் போனார். ஆங்கில இலக்கியத்தில் இளங்கலை, முதுகலை. கூடவே மனித உயிரியலில் ஒரு பட்டம். அப்புறம் கேம்பிரிட்ஜில் அறிவியல், மருத்துவம் இரண்டின் வரலாறும் தத்துவமும். கடைசியில், புத்தகத்தில் படித்தால் மட்டும் போதாது, சாகிறவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும் என்று முடிவு செய்து யேல் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார். டாக்டர் ஆகமாட்டேன் என்று சத்தியம் செய்த அதே ஆள். 2007-இல் பட்டம் வாங்குகிறார்.

அவரிடம் பணமும் வாய்ப்பும் இருந்தன, நமக்கு எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். டாக்டர் வீட்டுப் பிள்ளை, பட்டத்தின்மேல் பட்டம் வாங்க வசதி இருந்தது. அப்படி எல்லோராலும் அலைய முடியாது. ஆனால் கேள்வியைப் பிடித்துக்கொள்ளப் பணம் வேண்டாமே. உயிரியல் எடுத்தவர் கவிதை படிக்கலாம், வணிகவியல் எடுத்தவர் மூளையைப் பற்றிப் படிக்கலாம். நூலகத்தில் எந்த அலமாரிக்குப் போனாலும் நீ எந்தப் பிரிவு என்று நான் கேட்டதில்லை.

மூளையைப் பற்றி அவர் எழுதும் பக்கங்கள் புத்தகத்திலேயே ஆகச் சிறந்தவை. மூளையில் கட்டி வந்த ஒரு நோயாளி வருகிறார். வாயிலிருந்து எண்கள் மட்டும்தான் வரும். நிறுத்தி நிதானமாக, முகத்தில் உணர்ச்சியோடு, ஒரு எண் அடுத்து இன்னொரு எண். என்னமோ சொல்ல வருகிறார், அவசரமாகச் சொல்ல வருகிறார் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிகிறது. அந்த எண்களுக்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. இதைப் படித்தபோது எனக்குப் பழைய சங்கதி ஒன்று ஞாபகம் வந்தது. 1861-இல் பாரிஸில் பால் ப்ரோக்கா என்ற மருத்துவரிடம் வந்த நோயாளிக்கு 'டான்' என்கிற ஓசையைத் தவிர வேறு எதுவும் பேச வரவில்லை. அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்த ப்ரோக்கா, இடது நெற்றிக்குப் பின்னால் ஒரு பகுதி சிதைந்திருப்பதைக் கண்டார். பேச்சை உருவாக்குகிற இடம் அது. இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. 1874-இல் கார்ல் வெர்னிக்கே இன்னொரு இடத்தைச் சொன்னார். அங்கே அடிபட்டால் பேச்சு சரளமாக வரும், ஆனால் அதில் பொருள் இருக்காது. பிறர் பேசுவதும் புரியாது.

அந்த இடங்களுக்குப் பக்கத்தில் கட்டி இருந்தால் நோயாளியை விழிக்க வைத்தே மூளையில் அறுவை செய்கிறார்கள். மருத்துவர் மெல்லிய மின்சாரத்தால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட, நோயாளி பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு தடுமாறினால் அங்கே கத்தி போகக்கூடாது. இலக்கியம் படித்த ஒருவருக்கு இதைவிட வேறு எது பொருத்தமான தொழிலாக இருக்க முடியும்? பேச்சை இழந்து இன்னும் சில மாதம் உயிரோடு இருப்பது மேலா, வேண்டாமா என்பது போன்ற கேள்விகளை மூளை மருத்துவர் குடும்பத்தாரிடம் தினமும் கேட்க வேண்டியிருக்கிறது என்கிறார். மார்க் வாங்கித் தெரிந்துகொள்ளக்கூடிய பதிலா அது?

அவரைப் புனிதராக ஆக்கிவிட வேண்டாம் என்று சொல்லவும் இந்த மடல் எழுதுகிறேன். அவரே அப்படி ஆக விரும்பவில்லை. புத்தகத்தில் ஓர் ஐஸ்கிரீம் கதை வருகிறது. சாப்பிட வாங்கிய ஐஸ்கிரீம் சாண்ட்விச் கையில் இருக்கும்போது விபத்து நோயாளி ஒருவர் வருகிறார். ஓடுகிறார். காப்பாற்ற முடியவில்லை, நோயாளி இறந்துவிடுகிறார். உறவினர்கள் வெளியே காத்திருக்கிறார்கள். அப்போது இவருக்கு ஞாபகம் வருவது, உருகிக்கொண்டிருக்கும் அந்த ஐஸ்கிரீம். திரும்பிப் போய் எடுத்து, குளிர்பெட்டியில் வைத்து உறைய விட்டுச் சாப்பிடுகிறார். தான் என்னவாக ஆகிக்கொண்டிருக்கிறோம் என்று அப்புறம்தான் யோசிக்கிறார். தன்னைப் பற்றி இப்படி ஒரு சம்பவத்தை எழுதி வைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? பெரிய மனிதர்கள் எழுதிய சுயசரிதைகள் எங்கள் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. ஒன்றில்கூட ஐஸ்கிரீம் இல்லை.

அப்புறம் அந்த வேலை நேரம். விதிப்படி வாரத்துக்கு 88 மணி நேரம்தான், ஆனால் வேலை தீர்ந்தபாடில்லை, நூறு மணி நேரம்கூட ஆகும் என்கிறார். இதைத் தியாகம் என்ற பெயரில் சிலாகிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்பா வீட்டில் இல்லை என்று வருத்தப்பட்ட பையன் அதே இருட்டில் வேலைக்குப் போய் அதே இருட்டில் திரும்புகிறான், கல்யாணம் முறிகிற விளிம்புவரை போகிறது. இதை அவர் சில பக்கங்களில் ஓட்டிவிடுகிறார். நோய் வந்த பிறகுதான் கணவனும் மனைவியும் மறுபடி ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். இந்த இடத்தில் புத்தகத்தோடு நான் சண்டை போட்டேன். நீங்களும் போடலாம்.

நோயைப் பற்றி உயிரியல் பாடம் எடுத்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அவர் சிகரெட் பிடித்ததில்லை. நுரையீரல் புற்றுநோய் என்றதும் புகைதானே காரணம் என்று கேட்கிற பழக்கம் நமக்கு உண்டு. ஆனால் புகைக்காதவர்களுக்கும், குறிப்பாக ஆசிய வம்சாவளியினருக்கு, ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் இந்தப் புற்றுநோய் வருவது தெரிந்த விஷயம். வளரு என்று செல்லுக்குச் சைகை கொடுக்கிற ஒரு பொத்தான் அழுந்தியபடியே மாட்டிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்லோடினிப் என்ற மாத்திரை அந்தச் சைகையை மறிக்கிறது. அது அவருக்கு வேலை செய்தது. கட்டிகள் சுருங்கின. திரும்பப் போய் அறுவை சிகிச்சையே செய்தார்! சில மாதம் கழித்து நோய் மாத்திரையை மீறிக்கொண்டு வந்தது. செல் பிரிதலை வரைந்து பாகம் குறித்த கையோடு இந்தப் பக்கங்களைப் படித்தால், பாடப்புத்தகம் வேறு மாதிரி தெரியும்.

எல்லோருக்கும் பொருந்துகிற பகுதி இனிமேல்தான் வருகிறது. எனக்கு எத்தனை நாள் என்று தன் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்கிறார். அவர் எண் எதையும் சொல்ல மறுக்கிறார். நோயாளிகளுக்குப் புள்ளிவிவரம் சொல்லிப் பழகியவர்தான் இவரும். இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் அந்த எண்கள் எதற்கும் உதவவில்லை. மூன்று மாதம் என்று தெரிந்தால் குடும்பத்தோடு இருந்துவிடலாம், ஒரு வருடம் என்றால் புத்தகம் எழுதலாம், பத்து வருடம் என்றால் மருத்துவத்துக்கே திரும்பிவிடலாம். எது என்று தெரியாமல் நாளைக் காலை எழுந்து என்ன செய்வது? அவருக்கு நாள் குறித்தாகிவிட்டது, நமக்கு இல்லை என்று நினைக்கிறோம். யோசித்துப் பார்த்தால் அவருக்கும் நமக்கும் தெரிந்தது ஒரே அளவுதான்.

இந்தத் தெரியாமைக்குள்தான் அவரும் மனைவி லூசியும் குழந்தை பெற்றுக்கொள்ள முடிவு செய்கிறார்கள். லூசியும் மருத்துவர், யேலில் படிக்கும்போது பழக்கம். குழந்தையைப் பிரிவது சாவை இன்னும் வலிக்க வைக்காதா என்று லூசி கேட்கிறார். அப்படி வலித்தால் நல்லதுதானே என்கிறார் இவர். இந்த உரையாடலைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள், நான் சேர்க்க ஒன்றும் இல்லை. 2014 ஜூலை 4 அன்று மகள் பிறந்தாள். எட்டு மாதம் அவளோடு இருந்தார்.

எப்படிப் படிப்பது என்பதற்குச் சில யோசனைகள். முன்னுரை எழுதியவர் ஆபிரகாம் வர்கீஸ். எத்தியோப்பியாவில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, மருத்துவராகவும் எழுத்தாளராகவும் பேர் வாங்கியவர். நல்ல முன்னுரைதான், ஆனால் கடைசியில் படியுங்கள். ஆங்கிலம் சில இடங்களில் கடினம், இலக்கிய மேற்கோள்கள் வந்துகொண்டே இருக்கும். புரியாத வரியைத் தாண்டிப் போங்கள், குடி முழுகாது. புத்தகம் முழுமையடையவில்லை என்பதையும் மனதில் வையுங்கள். இரண்டாம் பாதி திடீரென்று அவசரப்படும், சில இடங்கள் அறுபட்டு நிற்கும். எழுதினவருக்கு நேரம் போதவில்லை, அதனால் அப்படி. கீமோதெரபியால் விரல் நுனிகள் வெடித்துவிட்டன. தையல் இல்லாத, வெள்ளியிழை கோத்த கையுறை ஒன்றைத் தேடி வாங்கி மாட்டிக்கொண்டுதான் மடிக்கணினியில் தட்டினார் என்று லூசி பின்னுரையில் சொல்கிறார். நடுவில் மொழிநடை தடுமாறினால் அந்தக் கையுறையை நினைத்துக்கொள்ளுங்கள். லூசியின் பின்னுரையை மட்டும் தவறவிடக்கூடாது. கணவர் எழுதாமல் விட்டதை, எழுத முடியாததை அவர் எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. வீட்டில் யாருக்காவது இதே நோய் இருந்தால் இப்போதே படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புத்தகம் எங்கேயும் ஓடிவிடாது. தற்கொலை செய்துகொண்ட ஒரு மருத்துவ நண்பரைப் பற்றியும் நடுவில் வருகிறது. அது உங்களை உலுக்கினால் புத்தகத்தை மூடிவிட்டு, நம்பிக்கையான பெரியவர் யாரிடமாவது உட்கார்ந்து பேசுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து இதைக் கட்டாயப் பாடமாக வைத்து, "ஆசிரியர் கூறவரும் கருத்து யாது?" என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டுவிடாதீர்கள்.

அந்த மாணவிக்கு இவ்வளவையும் நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் வேறு ஏதோ எடுக்க வந்தவளிடம், "அந்த டாக்டர் சின்ன வயசுல டாக்டராக மாட்டேன்னு சொன்னவரு, தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். "அப்படியா?" என்றாள். ஏதோ வேண்டாவெறுப்பாக மறுபடி எடுத்துப் போனாள். பதினைந்து நாள் ஆயிற்று, வரவில்லை. நானும் அபராதம் கேட்டு ஆள் அனுப்பவில்லை. பிறகு ஒருநாள் மதிய இடைவேளையில் வந்து மேசைமேல் வைத்தாள். ரிப்பன் துண்டு கடைசிப் பத்தி இருக்கும் பக்கத்தில் இருந்தது. மகளைப் பார்த்து அவர் நேரடியாகப் பேசுகிற பத்தி அது.

கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். அப்புறம், "அந்தப் பாப்பாவுக்கு இப்ப எத்தனை வயசு மிஸ்?" என்று கேட்டாள். இரண்டு பேரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். அந்தப் பக்கத்தைத் தானே எடுத்துப் படிக்கிற வயது வந்திருந்தது.

இப்படிக்கு,
உங்கள் நூலகர்